பாக்கும் ஷோபானும் ஒரே சத்தத்தில்

நஸ்ரின் மூன்று வாரமாகப் பியானோ வகுப்புக்கு வரவில்லை. இன்று கும்பகோணத்தில் பஸ் ஏறி, குடவாசலில் அவள் வீட்டுக்கே போனேன்.

"இனிமே வரமாட்டேங்கிறா சார்," என்றார் அவள் அம்மா.

"எனக்கு வராது சார். நீங்கதானே வாராவாரம் எழுதுனீங்க," என்றாள் நஸ்ரின்.

எழுதினேன்தான். பாக், ஷோபான் இருவரும் ஐரோப்பிய இசைமேதைகள். பாக் இயற்றியதை வாசித்தால் ஒவ்வொரு சுரமும் தெளிவாக, சீராக விழ வேண்டும். ஷோபான் இயற்றியதில் அழுத்தமும் மென்மையும் மாறிமாறி வர வேண்டும். அவள் இரண்டையும் ஒரே மாதிரி வாசித்தாள். ஓராண்டாக அவள் நோட்டில் சிவப்பு மையில் 'கவனம் போதாது' என்று எழுதிவந்தேன்.

"வீட்டுல எதுலம்மா பழகுற?" இன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

கீபோர்டைக் காட்டினாள். ஒரு கட்டையை மெல்லத் தொட்டேன். பிறகு ஓங்கி அழுத்தினேன். இரண்டுக்கும் ஒரே சத்தம்.

"இதுல யாருக்குமே ஷோபான் வராதும்மா. உன் மேல தப்பில்ல."

அவள் அம்மா அலமாரியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவந்தார். "நீங்க எழுதிக் குடுத்த மாடலைத்தானே சார் அவ அத்தா துபாய்லேர்ந்து அனுப்புனாங்க?"

என் கையெழுத்துதான். கடைக்காரர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மாடலை ஒரு நாளும் நான் தொட்டுப் பார்த்ததில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், டீ சாப்பிடுங்க," என்றாள் நஸ்ரின். வகுப்புக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

'கவனம் போதாது' என்று எழுதிய அந்தச் சிவப்புப் பேனா இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. இந்தப் பதிவைப் படிப்பவர்களில் வாத்தியார்கள் பலர் இருக்கிறீர்கள். யாருக்காவது வேண்டுமா?