பின்னணி எடுபிடிகள்

ஆபீஸில் அவளுக்குத் துடைப்பம் என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்து ஒன்றும் வருத்தமில்லை. குப்பை போடுகிறவனுக்கே வெட்கமில்லை, கூட்டுகிறவளுக்கு எதற்கு வெட்கம் என்பது அவள் கட்சி.

அந்த ஆபீஸைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். தரை விரிப்பில் எப்போதோ கொட்டின டீ காய்ந்து, மேலே செருப்பு ஏறி ஏறிக் கறுத்துக் கிடக்கும். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு கைப்பிடி பிஸ்கட் தூள் விழும். பக்கத்து மேஜைக்காரனை எல்லாரும் மாப்பிள்ளை என்பார்கள். மேலாளர் அவனை அப்படித் தாங்குவார். மாப்பிள்ளை குடித்து வைத்த கப்புகள் மானிட்டருக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கும், அடியில் பச்சையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். "இதைக் கழுவினா என்ன, கை தேய்ஞ்சா போயிடும்?" என்று கேட்டால், "கழுவணும்கா, கழுவணும்" என்பான். கழுவ மாட்டான்.

அவள் வேலை புரோகிராம்களைக் குடிமாற்றுவது. ஒரு இயங்குதளத்தில் பிறந்து வளர்ந்த புரோகிராமை இன்னொரு இயங்குதளத்தில் ஓடவைக்க வேண்டும். இந்தத் தடவை வந்து சேர்ந்தது புத்தகப் பக்கம் அடுக்குகிற புரோகிராம். எழுத்தையும் படத்தையும் கொடுத்தால் அச்சுக்குப் போகிற மாதிரி பக்கமாக்கித் தரும். நல்ல புரோகிராம்தான், குறை சொல்ல முடியாது. அதோடு கூட வந்த கூட்டம்தான் சகிக்கவில்லை.

பிறந்த வீட்டில் அதற்கு ஒரு கவலையும் கிடையாது. கம்ப்யூட்டரைப் போட்டதுமே எடுபிடிகள் எல்லாம் பின்னணியில் வந்து நின்றுவிடுவார்கள். ஒருத்தன் தபால்காரன், யார் யாருக்கு எதைச் சொல்வதானாலும் அவன் வழியாகத்தான். ஒருத்தன் கடவுச்சொல்லைக் காக்கிறவன். ஒருத்தன் அமைப்புகளை நினைவு வைத்திருப்பவன். இன்னொருத்தன் ஃபைலை வாங்கிக்கொண்டு போய் டிஸ்க்கில் எழுதிவைக்கிறவன். இவர்கள் அந்த வீட்டு ஆட்கள், எந்தப் புரோகிராம் கூப்பிட்டாலும் ஓடி வருவார்கள், கம்ப்யூட்டரை அணைக்கிறவரை நகர மாட்டார்கள். புகுந்த வீட்டில் இவர்களில் ஒருத்தனும் கிடையாது. அதனால் புரோகிராம் போகிற இடத்துக்கெல்லாம் இந்தப் பட்டாளத்தையே கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க ஒருத்தி வந்தால், பின்னால் இத்தனை பேர் நுழைகிறார்கள். சரி, வந்தது வந்தார்கள், வேலை முடிந்தால் கிளம்பவாவது வேண்டாமா? புரோகிராமை மூடிவிட்டு, ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அத்தனை பேரும் அப்படியே குந்திக்கொண்டிருந்தார்கள். மறுபடி திறந்து மூடினால் சிலர் இரட்டையாகிவிட்டார்கள்.

"அடச்சீ, கருமம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள், அவள் மூடிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பாள். இதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். உள்ளே வருகிற ஒவ்வொரு விண்டோவும் தபால்காரனிடம் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும், போகும்போது "போறேன்" என்று சொல்ல வேண்டும். கடைசி ஆளும் போன பிறகுதான் தபால்காரன் எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தானும் போவான். எழுதி, சோதித்து முடிக்க ஒரு மாதமாவது வேண்டும்.

மேலாளருக்கு ஆபீஸ் வைத்த பேர் 'பரவாயில்லை'. கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் அந்த மனிதர் வாயில் அதுதான் வரும்.

"ஒரு மாசமா? விளையாடறீங்களா? அடுத்த வாரம் வெளியிடணும்மா. ரெண்டு மூணு சர்வீஸ் பின்னால ஓடினா ஓடிட்டுப் போகட்டும், பரவாயில்ல. யாரு போய்ப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்க்கறேனே சார்."

"அதான் பிரச்சினை" என்று சிரித்தார். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தான். அவன் சிரிப்பதற்கு மேலாளர் சிரிப்பதே போதும், விஷயம் வேண்டியதில்லை.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். பிரச்சினை தீர்ந்துவிட்டதாம். என்ன செய்திருந்தான் தெரியுமா? விண்டோவை மூடியதும் எடுபிடிகளைப் பேர் சொல்லித் தேடிப் பிடித்து, கழுத்தை நெரிக்கிற மாதிரி நாலு வரி எழுதிச் செருகியிருந்தான். எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு திறந்தான், மூடினான், பட்டியலைக் காட்டினான். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேலாளர் கைதட்டினார்.

"ரெண்டு விண்டோ திறந்திருந்தா?" என்று கேட்டாள் அவள். "ஒண்ணை மூடினதும் நீ எல்லாரையும் கொன்னுடுவ. இன்னொரு விண்டோவுல உட்கார்ந்து வேலை பார்க்கறவங்க கதி?"

"ரெண்டு விண்டோ யாரு திறக்கறாங்கக்கா?"

"பக்கம் அடுக்கறவங்க எல்லாரும் திறப்பாங்க. படம் ஒண்ணுல, பாடம் ஒண்ணுல. ஃபைலை எழுதற எடுபிடி செத்துட்டா யாரு சேமிப்பா? புரோகிராம் ஃபைலை நீட்டிட்டு, பதில் வருதான்னுகூடப் பார்க்காம 'சேமித்தாயிற்று'ன்னு காட்டும். பிறந்த வீட்டுல அந்த எடுபிடி சாகறதே இல்ல, அதனால சரிபார்க்கணும்னே யாருக்கும் தோணல."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்மா. இப்போதைக்குப் பரவாயில்ல."

இவர்களோடு மாரடித்து என்ன ஆகப் போகிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். வீட்டுக்குப் போய்க் குளித்தும் அந்தக் கைதட்டல் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது. ஒரு வாரம் முழுக்க அவர்களை வெறுப்பதிலேயே போயிற்று. புரோகிராமும் வெளியாகிவிட்டது.

இந்த வெறுப்பு மும்முரத்தில் அவளுக்குத் தன் அக்கா ஞாபகமே வரவில்லை.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அச்சகத்தில் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தவள். அடுக்கினால் ஒரு மயிரிழை பிசகாது என்று பேர் வாங்கினவள். பிறகு குழந்தைகள், படுக்கையில் விழுந்த மாமனார், அது இது என்று பத்து வருஷம் ஓடிவிட்டது. இப்போதுதான் பாடப்புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்தில் கேட்டுப் பார்த்தாள். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள் ஒரு பாடத்தைக் கொடுத்து, "அடுக்கி அனுப்புங்க, பார்க்கலாம். சரியா வந்தா வீட்டுல இருந்தே பண்ற மாதிரி தொடர்ந்து தர்றேன்" என்றார். அவர்கள் வைத்திருந்ததும் இதே புரோகிராம்தான். தங்கைதான் சோதனைப் பதிப்பைக் கொண்டுபோய் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருந்தாள். வெளியான புதுப் பதிப்பு தானாகவே இறங்கி அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அக்காவின் போன் ஒரு மத்தியான வேளையில் வந்தது. குரலில் அழுகை இல்லை, அதுதான் இவளுக்குப் பயமாக இருந்தது.

"அந்த வேலை நமக்கு சரிப்பட்டு வராதுடி. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"என்ன ஆச்சு?"

"என்னத்த ஆச்சு. முழுசா முடிச்சேன். அப்பப்போ சேமிச்சுக்கிட்டேதான் இருந்தேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். காலையில திறந்தா பாதிதான் இருக்கு. மீதி எங்க போச்சுன்னே தெரியல. எதையோ தப்பா அமுக்கியிருக்கேன். அந்தம்மா நல்லவிதமாத்தான் சொன்னாங்க, 'இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாங்க'ன்னாங்க. உங்க மாமா சிரிக்கறாரு. கை மறந்துபோச்சுடி எனக்கு, ஒத்துக்க வேண்டியதுதான்."

"அக்கா, ரெண்டு விண்டோ திறந்து வெச்சிருந்தியா?"

"ஆமா. படத்தை எல்லாம் முடிச்சிட்டு அதை மூடினேன். அப்புறம்தான் பாடத்தைப் பார்த்தேன். ஏன்?"

"அப்புறம் சொல்றேன்" என்றாள் இவள். போனை வைத்துவிட்டு நேரே மேலாளர் அறைக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"இதே மாதிரி இன்னும் சில பேர் எழுதியிருக்காங்க. மாப்பிள்ளை பதில் போட்டுக்கிட்டிருக்கான்."

"என்ன பதில்?"

அங்கேயே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். எல்லாருக்கும் ஒரே பதில்: 'ஃபைலை மூடும் முன் சரியாகச் சேமித்தீர்களா என்று பார்க்கவும். புரோகிராமில் குறை எதுவும் இல்லை.' எழுதினவன் கை கூசவில்லை, படிக்கிற இவளுக்குக் கூசியது.

"சேமிச்சவங்களைப் பார்த்து சேமிச்சீங்களான்னு கேக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் வாய் வேகாதா?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. சொந்தக்காரங்கன்னதும் இப்படிப் பேசறீங்க" என்றார் மேலாளர். "அவங்களுக்கு வேற ஏதாவது வேலை கிடைக்கும், பரவாயில்ல."

தூ என்று துப்பாத குறைதான். கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே வந்தாள்.

அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் இருந்தது. அக்கா அதன்மேல் துணி போட்டு மூடி, பக்கத்தில் துவைத்த சட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள். இவள் வந்ததும் வராததுமாகத் துணியை உருவினாள்.

"எதுக்குடி இப்ப? அதான் வேண்டாம்னு சொல்லிட்டேனே."

"உட்காரு. நான் சொல்றதை மட்டும் பண்ணு."

அக்கா இரண்டு விண்டோ திறந்தாள். ஒன்றை மூடினாள். மற்றதில் ஒரு வரியை மாற்றிச் சேமிக்கச் சொன்னாள் தங்கை. 'சேமித்தாயிற்று' என்று வந்தது. மூடித் திறக்கச் சொன்னாள். பழைய வரிதான் இருந்தது. அக்கா நம்பாமல் மறுபடி செய்தாள், இன்னொரு தடவையும் செய்தாள். மூன்று தடவையும் அதே பொய்.

"பார்த்தியா? உன் கை மறக்கல. தப்பு முழுக்க எங்களோடது. மூடும்போது இது பின்னால ஓடறதை எல்லாம் சாகடிச்சிடுது. எழுதறதுக்கு ஆளே இல்லாம, எழுதிட்டேன்னு புளுகுது."

அக்கா முகம் மலரும், மாமாவைக் கூப்பிட்டுக் காட்டுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் இவள் வந்திருந்தாள். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"வெளியிடறதுக்கு முன்னாடியே. கத்தினேன். கேக்கல."

"அவங்ககிட்ட கத்தின. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"தோணலக்கா. அவனுங்க மேல இருந்த கடுப்புல..."

அக்கா மவுஸை நகர்த்தி, புரோகிராமைப் பற்றிய விவரம் வருகிற சின்னப் பெட்டியைத் திறந்தாள். எழுதியவர் என்று மாப்பிள்ளை பேர். மேற்பார்வை என்று மேலாளர் பேர். அதற்குக் கீழே, சோதித்தவர் என்று இவள் பேர் இருந்தது. இவளைக் கேட்காமல், இவளுக்குத் தெரியாமல் போட்டிருந்தார்கள். பார்த்ததும் வாய் கசந்துபோயிற்று.

"புதுசா வந்ததும் முதல்ல இதைத்தான் பார்த்தேன்" என்றாள் அக்கா. "உன் பேரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். காணாமப் போனப்பவும் இதைத் திறந்து பார்த்தேன். இவ சோதிச்சிருக்கா, இதுல தப்பு இருக்காது, அப்ப நான்தான் தப்புன்னு முடிவு பண்ணிட்டு அந்தம்மாவுக்குப் போன் பண்ணினேன்."

'என்னைக் கேக்காம போட்டுட்டாங்க' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அது மாப்பிள்ளை போட்ட பதில் மாதிரியே இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

"அந்தம்மா நம்பரைக் குடு."

"எதுக்கு? வேற ஆளைப் போட்டாச்சாம்."

"பரவாயில்ல, குடு" என்றவள், தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு முகம் சுளித்தாள். மணி இரண்டு தடவை அடித்ததும் அந்த அம்மாள் எடுத்தார். அக்கா செய்த வேலை சரி என்றும், அவள் சேமித்ததைத் தங்கள் புரோகிராம்தான் தொலைத்தது என்றும் இவள் சொன்னாள்.

"நானும் எழுதிக் கேட்டேன், கம்பெனியில இருந்து, புரோகிராம்ல குறையே இல்லன்னு எனக்கு பதில் வந்திருக்கேம்மா. நீங்க யாரு?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்து இவளைப் பார்த்தாள்.

"அதைச் சோதிச்சவ" என்றாள் இவள், பெட்டியில் போட்டிருந்தபடியே தன் பேரை முழுசாகச் சொன்னாள்.