சிவப்புத் துணி சுற்றிய கத்தரி

பிள்ளைகளே, சின்னத் தாத்தாவின் தறிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றிய பழைய கத்தரி ஒன்று தொங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை காகிதம் வெட்ட அதைக் கேட்டீர்கள். எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடும் மனுஷன், "அத்த மட்டும் கேக்காதீங்கடா கண்ணுங்களா" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தும் உங்களுக்குக் கோபம் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு தறியில் உட்கார்ந்தவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆரணியில் இதே வீடுதான். நடுவில் ஒரு குட்டைச் சுவர். இந்தப் பக்கம் அப்பாவின் தறி, அந்தப் பக்கம் அவர் தம்பி, அதாவது என் சித்தப்பா, உங்கள் சின்னத் தாத்தாவின் தறி. அந்த வருஷ மழைக்காலம் முழுக்க அப்பா கட்டம் போட்ட தாளில் ஒரு பார்டர் வரைந்தார். ஒரு கொடி, அதில் ஏறும் அணில். அதற்குத் துளை போட்ட அட்டைகள் தயாராகி வந்தன. அந்த அட்டைகள் தறியின் தலைக்கு மேல் சுற்றினால்தான் புடவைக் கரையில் அணில் ஏறும். 'இந்த டிசைன் உங்களுக்கு மட்டும்தான்' என்று எங்களுக்குப் பட்டு கொடுக்கும் முதலாளிக்கு அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

சித்தப்பா அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு போய், தான் போட்ட டிசைன் என்று சொல்லி வேறொரு முதலாளியிடம் கொடுத்துவிட்டார். ஒரே அணில் இரண்டு கடைகளில் ஏறியது. எங்கள் முதலாளி அப்பாவைத்தான் பொய்யன் என்றார். பட்டு வருவது நின்றது. தறி வைத்திருந்த அப்பா, யாரோ ஒருவரின் தறியில் போய்க் கூலிக்கு நெய்தார். அம்மா ஊரார் நூலைச் சுற்றினாள். வீட்டில் கூழ்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் தறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனதில் பகை வைத்துக்கொண்டு திருவிருந்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் சபையில் வழக்கம். எல்லாரும் அப்பமும் திராட்சரசமும் வாங்க எழுந்து போவார்கள். அப்பா மட்டும் பாயில் உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் தள்ளிச் சித்தப்பாவும் உட்கார்ந்திருப்பார். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு பேருக்கும் முட்டி பிடித்துக்கொண்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். தினமும் விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் ஜெபம் நடக்கும். அப்பா ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஜெபிப்பார். "என் தம்பி..." என்று வந்ததும் அங்கேயே நிறுத்திவிடுவார். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு "ஆமென்" என்பார். எட்டு மாதமாக அந்த வாக்கியம் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சித்தப்பாவும் சித்தியும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவரேறிக் குதித்தேன். அம்மா நூல் நறுக்கும், சிவப்புத் துணி சுற்றிய அந்தக் கத்தரி என் கையில் இருந்தது. சித்தப்பாவின் தறியில் அரக்குச் சிவப்பில் புதுப் பாவு, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகள், ஒரு கல்யாணப் புடவைக்கு. ஒரு பிடி இழையைச் சேர்த்துப் பிடித்து நறுக்கினேன். பட்டு அறுந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கத்தரி கை நழுவித் தறிக்குழிக்குள் விழுந்தது. எடுக்காமல் ஓடி வந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் சித்தியின் அலறல். "ஐயோ, திங்கக்கிழமை குடுக்கணுமே! சொவருக்கு அந்தாண்ட இருக்கறவங்க வேலதான் இது!"

"வாய மூடுடி. எலி கட்ச்சிருக்குது" என்றார் சித்தப்பா.

"பட்டப்பகல்ல எலியா?"

"எலிக்கு இன்னாடி பகலு ராத்திரி? எலிதான்னு சொல்றேன் இல்ல?"

அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். எழுந்தார். பிறகு, எட்டு மாதமாக மிதிக்காத வாசலைச் சுற்றிக்கொண்டு போனார். நான் சுவர் இடுக்கில் கண்ணை வைத்தேன். அப்பா குனிந்து அறுந்த நுனிகளைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"சாம்பல் கொண்டாம்மா, ஜல்தி" என்றார் அப்பா சித்தியிடம்.

பட்டு வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, அறுந்த ஒவ்வோர் இழைக்கும் ஒட்டு இழை வைத்து, அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து முடிச்சுப் போட்டார்கள். சித்தப்பா ஒருமுறை, "ண்ணா, அந்த டிசைனு... நான் பண்ணது..." என்று ஆரம்பித்தார்.

"நூலப் பார்றா. உட்டேன்னா மறுபடியும் அறுந்துடும்."

வெயில் இறங்கும்வரை முடிந்தார்கள். கடைசி இழை முடிந்ததும் அப்பா கையைத் தட்டிக்கொண்டு, "நாளைக்கு திருவிருந்து. வெள்ள வேட்டி தொவச்சி வச்சிருக்கியா இல்ல, என்துல ஒண்ணு தரட்டா?" என்றார். சித்தப்பா சாம்பல் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது முகமெல்லாம் திட்டுத் திட்டாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்று மாலை ஜெபத்தில் அந்த வாக்கியம் முடிந்தது. "என் தம்பியை ஆசீர்வதியும். இந்த வீட்டுல தப்பு பண்ணவங்க எல்லாரையும் மன்னியும்." சித்தப்பாவைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நானும் சத்தமாக ஆமென் சொன்னேன். பிறகு போர்வைக்குள் தனியாக ஒரு ஜெபம் செய்தேன்: 'ஆண்டவரே, அந்தக் கத்தரியை யார் கண்ணுக்கும் படாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.'

மறுநாள் காலையில் சித்தப்பா, அப்பாவின் வேட்டியை வாங்கிக் கட்டிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போய் ஒன்றாக முழங்கால் போட்டார்கள். முட்டி சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால், கத்தரி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது! ஜெபத்தின் மேல் எனக்கு அன்று வந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல.

கொஞ்ச நாளில் சித்தப்பாவே எங்கள் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னார். எங்கள் தறி மறுபடி ஓடியது.

எனக்குப் பதினாறு வயதானபோது, எங்கள் பாவு நூலை நிஜமாகவே ஓர் எலி கடித்தது. அந்த நுனிகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை. எல்லாம் மென்று துப்பினதுபோலப் பிசிர் பிசிராக இருந்தன. நான் நறுக்கியவை வகிடெடுத்ததுபோல ஒரே வரிசையில் நின்றன. தறிக்காரன் எவனுக்கும் பார்த்ததுமே தெரியும். அவர்கள் இரண்டு பேரும் பார்த்தார்கள். ஏழு வருஷமாக ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேட்டி வாங்க வந்த அன்றைக்குக் கத்தரியைக் கொண்டுவந்து மாட்டியது யார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அன்று மத்தியானம் சித்தப்பா சாப்பிடப் போகும்வரை காத்திருந்தேன். அவர் தறியில் ஓர் இழை அறுந்து தொங்கியது. சாம்பல் தொட்டு முடிந்தேன். மிச்ச நுனியை அம்மாவின் கத்தரியால் நறுக்கினேன். பிறகு அந்தக் கத்தரியை, சிவப்புத் துணி வெளியே தெரியும்படி, அவருடைய ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.