கணவாய்க்கு எத்தனை இதயம்?

என் அண்ணியை மாணவிகள் 'கணவாய் மிஸ்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேராகவே. அவளுக்கு அதில் பெருமை வேறு. பட்டம் வைத்தவள் யாரென்று தேடிப் பிடித்து ஒரு பேனா பரிசு கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்க்கிறோம். அவள் உயிரியல் ஆசிரியை. நான் ஆய்வகத்தில் தட்டு கழுவும் உதவியாளர். அங்கே அவள் சொல்ல நான் கேட்பேன். வீட்டுக்கு வந்தால் நான் நாத்தனார், வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்வேன். எங்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீமுக்கு இடம் இருந்ததே இல்லை. திறந்தால் கணவாய் மீன்தான் முறைக்கும்.

ஒன்பதாம் வகுப்புக்கு 'தலைக்காலிகள்' என்று ஒரு பாடம். ஆக்டோபஸ், கணவாய் எல்லாம் அந்த இனம். தலையிலிருந்தே கை முளைத்தவை. மற்ற ஆசிரியைகள் படத்தைக் காட்டிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அண்ணியோ மேசைக்கு ஒரு கணவாயை மல்லாக்கப் போட்டு, கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவாள். மைப்பை உடைந்து சீருடை கறுத்தால் அவளே சோப்பும் கொடுப்பாள். அவள் வகுப்பில் ஒரே சட்டம்தான்: கண்டதை எழுது, காணாததைக் கண்டதாக எழுதாதே.

அந்த வருடத் தேர்வில், 'நீ அறுத்த கணவாயில் எத்தனை இதயம் கண்டாய்?' என்று ஒரு கேள்வி வைத்தாள். கணவாய்க்கு மூன்று இதயம். செவுளுக்கு ஒன்றாக இரண்டு, நடுவில் ஒன்று. வகுப்பில் வாயாடி என்று பேரெடுத்த ஒருத்தி எழுதியிருந்தாள்: 'புத்தகத்தில் மூன்று. எனக்கு இரண்டுதான் கிடைத்தது. நடுவில் இருந்ததை நானே வெட்டித் தொலைத்திருப்பேன்.' அவளுக்கு முழு மதிப்பெண். எப்போதும் முதலில் வரும் பெண், 'மூன்று கண்டேன்' என்று எழுதிக் கலர் பென்சிலில் படமும் வரைந்திருந்தாள். அவளுக்குச் சைபர். அறுக்கும் நாளில் அவள் மூக்கில் கைக்குட்டையோடு ஜன்னலோரம் நின்றதை நானும்தான் பார்த்தேன். அந்தச் சைபரால் அவளுடைய முதல் ரேங்க் போயிற்று.

மறுநாளே அவள் அம்மா வந்துவிட்டார். தலைமையாசிரியர் அண்ணியைக் கூப்பிட்டார், விடைத்தாளை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

"மூணுன்னுதானே எழுதியிருக்கா? சரியான விடைதானே? இதுக்கு எப்படிம்மா சைபர்?" என்றார் தலைமையாசிரியர்.

"கணவாய்க்கு எத்தனைன்னு நான் கேக்கல சார். நீ எத்தனை பாத்தேன்னு கேட்டேன். அவ ஒண்ணும் பாக்கல."

"என் பொண்ணு வீட்டுல கத்தியே தொட்டதில்ல டீச்சர். அந்த நாத்தத்துல கையை விடச் சொன்னா எப்படி?" என்றார் அம்மா.

"பயமா இருந்துச்சு, தொடலன்னு எழுதியிருந்தா முழு மார்க் போட்டிருப்பேன்மா."

தலைமையாசிரியர் குரலை இறக்கினார். "உங்களைப் பர்மனென்ட் ஆக்குற ஆர்டர் என் மேசையிலதான் இருக்கு. கையெழுத்துதான் பாக்கி. கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்."

அண்ணனுக்கு வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது. அந்த ஆர்டரை நம்பித்தான் வீடே இருந்தது. ஒத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணியிடம் கண்ணால் கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாத்தணும்னா நீங்க மாத்துங்க சார். என் கை மாத்தாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள்.

அவர் மாற்றினார். அந்தப் பெண்ணுக்கு முதல் ரேங்க் திரும்பியது. அண்ணியின் ஆர்டர் கையெழுத்தில்லாமல் மேசை டிராயருக்குள் போனது.

"ஒரு மார்க்குக்காக நம்ம சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே அண்ணி!" என்று அன்று வீட்டில் குதித்தேன்.

"மண்ணைப் போட்டது அவரு. அவர்கிட்ட போய்க் கத்து" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நியாயம்தான். அந்த ஆள் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. அண்ணிக்கு ஆர்டரும் இன்றுவரை வரவில்லை.

அடுத்த வாரம் பள்ளி விட்டதும் ஆய்வக வாசலில் அந்த முதல் ரேங்க் பெண் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு கணவாய் குடுங்க மிஸ்."

"உனக்குத்தான் மார்க் வந்தாச்சே. இன்னும் எதுக்கு?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

அவள் அண்ணியையே பார்த்தாள். அண்ணி ஒரு தட்டை அவள் பக்கம் தள்ளினாள். கத்தரியைப் பிடிக்கவே தெரியவில்லை அவளுக்கு. ஒருமுறை ஓங்கரித்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். மை முழங்கை வரை வழிந்தது. அண்ணி கிட்டே நின்றாள், கை கொடுக்கவில்லை.

"ஒண்ணுதான் மிஸ் தெரியுது. மத்ததெல்லாம் நாசம் பண்ணிட்டேன்."

"அப்போ என்ன எழுதுவே?"

"ஒண்ணுன்னு." கொஞ்சம் யோசித்தாள். "சார் அதையும் மூணுன்னு மாத்திடுவாரே மிஸ்?"

"அவர் மாத்தினா மாத்தட்டும்" என்றாள் அண்ணி. "நீ மாத்தாத."