பத்தாவது கோல்

இட்டுக்கட்டியது என்று நினைப்பவர்கள் சர்வேயர் ரகுபதியின் வலது உள்ளங்கையைப் பார்க்கலாம். சங்கிலி உருவிக்கொண்டு போன தழும்பு இன்றும் இருக்கிறது.

1974, வைகாசி மாதம். ஒரகடத்துக்கு மேற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் நிலம் வாங்கிச் சுவர் எழுப்பிக்கொண்டே வந்து, கிளியம்மாளின் வயலோரம் நின்றார்கள். அவள் மாமனார் வாங்கிய ஒரு காணி அது. பத்திரத்தில் கண்டிருந்தது இவ்வளவுதான்: கிழக்குக் கல்லிலிருந்து மேற்கே பத்துக் கோல். மேற்கு எல்லையில் யாரும் கல் நட்டதே இல்லை. பழைய கோல் கணக்கை அடியாக்கி, அடியைச் சங்கிலியாக்கி, அங்கே கல் நடுவதுதான் ரகுபதியின் வேலை.

எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவர் அவர். கோலுக்கு இருபத்து நாலு அடி. பத்துக் கோலுக்கு இருநூற்று நாற்பது. அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலியை மூன்று தரம் முழுசாக இழுத்து, நாலாவது தரம் பாதிக்கு மேல் இழுத்து, கணக்கு முடிந்த இடத்தில் முளை அடித்தார்.

கிணறு முளைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கம்பெனி பக்கம்.

கிளியம்மாளும் புருஷனும் தோண்டிய கிணறு. புருஷன் இப்போது இல்லை. கிணறும் போனால் அந்த மண்ணில் கேழ்வரகுகூட முளைக்காது.

"சார், அது உங்க அடி. எங்க ஊரு கோலுல அடி பெருசு" என்றாள்.

அடி எப்படி ஊருக்கு ஊர் மாறும் என்று ரகுபதி சிரித்தார். சங்கிலி பிடிக்கும் மாரி அதோடு விடவில்லை. "இன்னா யக்கா, உங்க ஊர்ல அடிக்கு எத்தினி இஞ்சு? கொசுறு எதுனா போட்டுத் தராங்களா?"

"பேசுடா பேசு. கெணறு போச்சின்னா என் புள்ளைங்க உன் வூட்டு வாசல்லதான் வந்து நிக்கும்."

வெடுக்கென்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லைக்கல் ரோட்டோரம் மாட்டுவண்டியில் இருந்தது. அதைக் கொண்டுவர மாரியும் போனான்.

உச்சி வெயில். சுங்குவார்சத்திரம் போகும் பன்னிரண்டு மணி பஸ் தூரத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

முந்தின ராத்திரி மழை. பரம்படித்த மண் ஈரமாக, வழவழவென்று கிடந்தது. கடைசி இழுப்பை இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று ரகுபதி முளையருகே நின்று சங்கிலியின் பிடியைக் கையில் எடுத்தார்.

சங்கிலி விறைத்தது.

மாரி வந்துவிட்டான் என்று நினைத்தார். "இழுக்காதடா, பார்த்துட்டு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார்.

கிழக்கு முனையில் ஆள் இல்லை. ஆனால் சங்கிலி மண்ணில் படவில்லை. முழங்கால் உயரத்தில், கம்பி மாதிரி நேராக நின்றது.

தொப்...

சங்கிலிக்கும் அப்பால், கிழக்குக் கல்லருகே. ஈர மண்ணில் கால் பதியும் சத்தம்.

தொப்... தொப்...

நிதானமாக, ஒரே இடைவெளியில் வந்துகொண்டே இருந்தது. சங்கிலியை ஒட்டி மண் அமுங்கியது. ஒரு பாதம். அதன் விரல் நுனியைத் தொட்டு அடுத்த பாதத்தின் குதிகால். அதன் விரல் நுனியில் அடுத்தது.

எல்லாம் வலது கால்.

தொப்...

ஒன்று அவர் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. சேறு அவர் வேட்டியில் தெறித்தது.

முளையைத் தாண்டியது. கிணற்றையும் தாண்டியது.

நின்றது.

பயத்திலும் அவருக்கு அளக்கத்தான் தெரியும். குனிந்து, காலருகே இருந்த தடத்தின்மேல் டேப்பை வைத்தார். பதின்மூன்று அங்குலம். அப்படி இருபத்து நாலு பாதம் வைத்தால் கோலுக்கு இருபத்தாறு அடி. பத்துக் கோலுக்கு இருநூற்று அறுபது...

நிமிர்ந்தார்.

கடைசித் தடம் திரும்பியிருந்தது.

விரல்கள் அவரைப் பார்த்து...

சங்கிலி அவர் கையை அறுத்துக்கொண்டு ஓடியது.

மாரி கல்லோடு வந்தபோது ரகுபதி வரப்பில் உட்கார்ந்திருந்தார். கை முழுக்க ரத்தம். மாரி வயலைப் பார்த்தான்.

"யாரு சார் நொண்டி அடிச்சிகினு போனது?"

"அந்தக் கடைசித் தடத்துல குழி தோண்டு. கல்லை அங்கே நடு."

கம்பெனி மேனேஜர் சண்டைக்கு வந்தார். இந்த ஊர்க் கோல் இருபத்தாறு அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ரகுபதி. மேலே யார் கேட்டாலும் அதையே சொன்னார். கிணறு கிளியம்மாளுக்கே நின்றது.

அந்தத் தை மாதம், சுங்குவார்சத்திரம் டீக்கடையில் அவரும் மாரியும் அந்த ஊர்த் தலையாரி முனிரத்தினத்தைப் பார்த்தார்கள். ரகுபதி மெல்லக் கோலைப் பற்றி விசாரித்தார். முனிரத்தினம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். கொள்ளுத்தாத்தா காலத்துக்கும் முன்னால் ஊருக்குக் கோல் வெட்டும்போது, ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தி, அவன் பாதத்தால் இருபத்து நாலு அடி எடுத்தார்களாம்.

"அப்பால அந்தப் பாதத்தை வெட்டிட்டாங்க. வேற எவனும் அதே அளவுல கள்ளக் கோல் செஞ்சிடக் கூடாதுன்னு. அத்த எங்க பொதச்சாங்கன்னுதான் யாருக்கும் தெரியாது."

எந்தக் கால் என்று ரகுபதி கேட்கவில்லை.

மாரி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"சார்... அன்னிக்குக் கல்லு நட குழி தோண்டச்சொல்ல, எலும்பு வந்துச்சி. நாயின்னு நெனச்சி, அதும்மேலயே நட்டுட்டேன்."

"நாயாத்தான் இருக்கும்" என்றார் ரகுபதி.

"அடுக்கி வெச்ச மாதிரி அஞ்சு வெரல் இருந்துச்சி சார். வேற எலும்பே இல்ல."