மூவரும் மங்களூரில்

எழுபதுகளில் விருத்தாசலத்தில், மழை அளவு சேகரிக்கும் ஓர் ஆபீசில் எனக்கு ஒயர்லெஸ் வேலை. சுற்றுவட்டத்தில் வேப்பூர், நல்லூர், மங்களூர் மூன்று ஊரிலும் ஓர் ஆள், ஒரு ஒயர்லெஸ் செட். காலை எட்டு மணிக்கு அவர்கள் சொல்லும் அளவை நான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒருவர் மைக்கின் பட்டனை அழுத்திப் பேசினால் மற்றவர்கள் கேட்க மட்டும்தான் முடியும். இருவர் சேர்ந்து அழுத்தினால் வெறும் கொய்யென்ற இரைச்சல். எட்டு மணிக்கு மூன்று பேரும் அழுத்துவார்கள். ஆகவே முறை வைத்தேன். நான் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் பேச வேண்டும். ஒரு மாதம் அமர்க்களமாக ஓடியது.

ஒருநாள் முதலில் மங்களூரைக் கூப்பிட்டேன். "இருங்க சார், நோட்ட எடுக்கறேன்" என்றவர், மைக்கை வைத்து அதன்மேல் எதையோ வைத்துவிட்டார் போலிருக்கிறது. பட்டன் அமுங்கியே கிடந்தது.

"ஏய், சூ! அது மழைக் கணக்கு! தின்னாத!"

ஆடு. பிறகு தடதடவென்று ஓட்டம். "நேத்து பக்கத்தையாவது உடேன்!" என்று கெஞ்சல்.

அந்தப் பட்டன் விடுபடும்வரை யாரும் யாரோடும் பேச முடியாது. எங்கள் ஆபீஸ் அதிகாரி பதினோரு மணிக்கு மேல்தான் வருவார். நேரில் போய்ச் சொல்லிவிடலாமென்று பஸ் பிடித்தேன்.

மங்களூரில் செட் அறைக்குள் நுழைந்தால், லாரியில் வந்த வேப்பூர்க்காரர் மைக்கின் மேலிருந்த டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னாலேயே நல்லூர்க்காரர் சைக்கிளில் வந்து மூச்சு வாங்கினார்.

"நீங்களும் வந்துட்டீங்களா?" என்றேன்.

"யாராச்சும் வந்து சொல்லணும்ல?" என்றார் நல்லூர்க்காரர்.

"அப்ப மத்த செட்டுல யாரு இருக்காங்க?" என்றார், ஆட்டை விட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்த மங்களூர்க்காரர்.

ஒருவரும் இல்லை. அந்த நேரம் பார்த்து விருத்தாசலத்திலிருந்து, அன்று சீக்கிரமே வந்துவிட்ட அதிகாரியின் குரல்.

"வேப்பூர்! மழை எவ்ளோ?"

வேப்பூர்க்காரர் மைக்கின்மேல் பாய்ந்தார். "வேப்பூர்ல மழையே இல்லீங்க சார்."

"நல்லூர்?"

மைக் கை மாறியது. மங்களூருக்கு மறுபடி கை மாறியது. மங்களூர்க்காரர் அளவை மனப்பாடமாகச் சொன்னார்.

"பிரமாதம்! இன்னிக்குத்தான் எல்லாரும் முறையா பேசறீங்க. ஆமா, நம்ம ஆப்பரேட்டர் எங்க?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "டீ குடிக்கப் போயிருப்பாருங்க சார்" என்றார் மங்களூர்க்காரர்.

"சரி, வரட்டும். இங்கயே உக்காந்திருக்கேன்."

அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

நான் திரும்பி வந்ததும், "டீ குடிக்க எங்கய்யா போன?" என்று கேட்டார் அதிகாரி.

"மங்களூருக்குங்க சார்."

நல்ல தமாஷ் என்று முதுகில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.