மென்பொருளில் இல்லாத கடலூர் கோர்ட்டு

பிரிஸ்டலில் என் காலைப்பொழுது ஒரு கேள்வியோடுதான் தொடங்குகிறது. ஆய்வேட்டுக்காகப் படிக்கும் தீர்ப்புகளை அடிக்குறிப்பாக மாற்றித் தரும் மென்பொருள், எதை உள்ளே போட்டாலும் முதலில் எந்த நாட்டுச் சட்டம் என்று கேட்கும். பதில் சொல்லாவிட்டால் தானாகவே இங்கிலாந்து என்று எடுத்துக்கொள்ளும். ஒருநாள் கவனிக்காமல் விட்டதில், நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளெல்லாம் இங்கிலாந்து முறைப்படி புள்ளிகளை உதிர்த்துவிட்டு, ஆண்டுக்குச் சதுர அடைப்பு மாட்டிக்கொண்டு, கோட்டு சூட்டு போட்ட கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நின்றன. சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

சிரிப்பு நின்றது அம்மாவின் வழக்கில்தான். இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் உச்ச நீதிமன்றம் வரும், உயர் நீதிமன்றங்கள் வரும். அதற்குக் கீழே ஒன்றும் வராது. அம்மா வழக்காடியதோ கடலூர் முன்சீப் கோர்ட்டில். கரைக்கு மீன் கூடை தூக்கிப் போகிற வழியை ஒரு ரிசார்ட்காரர் வேலி போட்டு அடைத்தபோது, எங்கள் குப்பத்துப் பெண்கள் நான்கு பேர் வழக்குப் போட்டார்கள். முதல் வாதி அம்மா. நான் அப்போது சிதம்பரத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். வாய்தா நாளில் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, பஸ் பிடித்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அந்தக் கோர்ட்டுக்குப் போய்விடுவேன். டவாலி வாசலுக்கு வந்து, "அஞ்சலை, அஞ்சலை, அஞ்சலை" என்று மூன்று முறை கூவுவார். மீன் விற்கும்போது தெருவையே எழுப்பிவிடும் அம்மா, அங்கே "இருக்கேங்கையா" என்று மெல்லச் சொல்வாள். வெளியே வந்ததும், "காலேஜ வுட்டுட்டு ஏன்டா வந்த?" என்று திட்டிக்கொண்டே பரோட்டா வாங்கித் தருவாள். அந்த நாட்களை நினைத்தால் இந்தக் குளிரிலும் மனம் இளகிவிடுகிறது.

என் ஆய்வே கடற்கரை வழியுரிமை பற்றியது. ஆனாலும் தீர்ப்புத் தொகுப்பு எதிலும் வராத வழக்கு என்பதால் என் நெறியாளர் ஃபியோனா தயங்கினார்.

"இது அதிகம் பேசப்பட்ட வழக்கா?"

"ஆமாம், கரை முழுக்க அதே பேச்சுதான்."

மற்ற தீர்ப்புகளில் இதை மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்பதுதான் அவர் கேட்டது. புரிந்தபோது கூச்சமாக இருந்தது. "மென்பொருளிலும் இடமில்லை, எடுத்துவிடலாமே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா இல்லாமல் அந்த அத்தியாயமே எனக்கு வேண்டாம். தீர்ப்பை முழுதாக மொழிபெயர்த்து அவரிடம் கொடுத்தேன். மென்பொருளின் நீதிமன்றப் பட்டியலில் கடலூரை நானே தட்டிச் சேர்த்தேன். ஃபியோனா படித்துவிட்டு, "இருக்கட்டும். வாதி உன் அம்மா என்பதை மட்டும் குறிப்பிட்டுவிடு" என்றார்.

அன்றே வீடியோ காலில் அந்த அடிக்குறிப்பை அம்மாவுக்குக் காட்டினேன்.

"எம்பேரா அது? நாம ஜெயிச்சோம்னு போட்டிருக்கா?"

"இல்லம்மா. பேரு, கோர்ட்டு, வருசம். அவ்ளோதான் போடுவாங்க."

"அப்ப படிக்கறவங்க நா தோத்துட்டேன்னு நெனச்சிக்க மாட்டாங்களா?"

எந்த நாட்டு முறையிலும் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. அடிக்குறிப்பின் கடைசியில், வழி திறக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் சேர்த்தேன். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் என் பெயர் பிரிஸ்டலோடு இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் வரும் வழக்குப் பட்டியலில், இங்கிலாந்து வழக்குகளெல்லாம் முடிந்த பிறகு, அம்மாவின் பெயர் கடலூரோடு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் ஆசையில் எல்லாப் பக்கங்களையும் ஒரே திரைக்குள் சுருக்கினேன். பக்கங்கள் வந்துவிட்டன, பெயர்களைத்தான் படிக்க முடியவில்லை.