உடைமரத்தடியில் நின்றவரும் ஜமீலா டீச்சரும்

மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் சைக்கிளில் வந்து பள்ளி வாசலில் காலை ஊன்றி நின்றார். திண்டுக்கல்லில் ஜமீலா டீச்சரின் அண்ணனுடைய தோல் மண்டியில் வேலை பார்ப்பவர். "டீச்சரம்மா மவுத்தாயிட்டாங்க. நேத்தே அடக்கம் முடிஞ்சிருச்சு. ரெட்டியார்சத்திரம் டீச்சருக்குச் சொல்லிட்டு வான்னு அண்ணன் அனுப்புனாரு" என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அவர் போன பிறகு கரும்பலகையைப் பார்த்தால், நான் பாதி போட்ட கணக்கு எனக்கே புரியவில்லை.

ஜமீலா டீச்சரோடு வேலை பார்த்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அதட்டாமல் வகுப்பை அடக்குவார் என்பதும், மழை பெய்தால் பிள்ளைகளை வெளியே விட்டுவிடுவார் என்பதும் உங்களுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஒன்றாகத் தங்கியிருந்த அந்த ஒரு வருடம் உங்களுக்குத் தெரியாது. அதை அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

ஐம்பதுகளின் நடுவில், வேடசந்தூருக்கு அப்பால் ஒரு மானாவாரி ஊரில் எனக்கு முதல் வேலை. நான் பாலசமுத்திரத்துப் பெண். வீட்டை விட்டு வெளியே தங்கியதே இல்லை. ஜமீலா என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். முதல் நாளே "தங்கச்சி" என்று கூப்பிட்டுவிட்டார். ஊர்க் கடைசியில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை எங்களுக்குத் திறந்து விட்டார்கள். நல்ல வீடு. கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. அதன் வாயை முள்ளை வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். எங்களுக்குத் தண்ணீர் கொண்டு வரும் வெள்ளையம்மா வாசற்படியைத் தாண்டமாட்டாள். குடத்தை வெளியிலேயே இறக்கிவிட்டு, "அந்தக் கிணத்துப் பக்கம் போகாதீக" என்பாள். ஏன் என்றால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவாள்.

குடிபோன சில நாட்களில் அந்த ஆளைப் பார்த்தோம். விளக்கு வைக்கிற நேரம். குறுகலான தெருவின் எதிர்ப்பக்கம், உடைமரத்தடியில் ஓர் உயரமான ஆள் கையில் அரிவாளோடு நின்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பில் அசைவே இல்லை. வழியில் போனவர்கள் அவர் அங்கே இல்லாதது போலப் போனார்கள். முன்பின் தெரியாத யாரைக் கண்டாலும் குரைக்கும் தெருநாய்கள் அவரைக் கண்டு வாயே திறக்கவில்லை. நன்றாக இருட்டியதும் போய்விட்டார். மறுநாள் அதே நேரம் மறுபடி வந்தார். அதற்கு மறுநாளும்.

இன்னொன்றும் இருந்தது. அதே நேரத்தில் கொல்லையிலிருந்து ஒரு சத்தம் வரும். யாரோ தண்ணீரில் குடத்தை அமுக்குவது போல, நிதானமாக, ஒரே ஒரு தடவை. நான் கேட்டதை ஜமீலாவிடம் சொல்லவில்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லை.

வெள்ளையம்மாவை ஒரு நாள் ஜமீலா கையைப் பிடித்து நிறுத்தினார். அவள் குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்: "இது அவன் வீடுதான் டீச்சர். பொண்டாட்டி அங்கம்மாவ இந்தக் கிணத்துல தள்ளிட்டான்னு செயிலுக்குப் போனான். கேசுக்கே வீடு போயிருச்சு. இப்ப விட்டுட்டாக. ஊருல ஒருத்தரும் பேசுறதில்ல. நீங்களும் பாத்தும் பாக்காத மாரி இருந்துக்கங்க."

அன்று மாலை நான் எல்லா ஜன்னலையும் சாத்தினேன். ஜமீலா ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தலைமுக்காட்டைச் சரிசெய்தார். "ஏனுங்கக்கா, வேண்டாமுங்க, உள்ள வாங்க" என்று நான் கெஞ்சினேன். அவர் தெருவைக் கடந்து மரத்தடிக்கே போய்விட்டார்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே அண்ணே, கால் வலிக்கலையா? செத்த நேரம் உக்காருங்க" என்றார்.

அந்த ஆள் சட்டென்று தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். பின்னால் யாரும் இல்லை. செம்பை வாங்காமல், விடுவிடுவென்று காட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார்.

மறுநாள் வந்தார். ஜமீலா மறுபடி செம்போடு போனார். இந்த முறை அந்த ஆள் வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து அத்தனை சின்னக் குரல்.

"டீச்சர், இந்நேரத்துக்குக் கொல்லையில சத்தம் கேக்குதா?"

ஜமீலா பொய் சொல்ல நினைத்தால் சொல்லியிருக்கலாம். "கேக்குதுண்ணே. தண்ணி மோக்குற மாதிரி" என்றார்.

அவர் எங்கள் கொல்லைப் பக்கம் பார்த்தார். பிறகு, "அதுல தண்ணி ஏது? அவ செத்த மறு வாரமே கல்லும் மண்ணும் கொட்டிப் பாதிக்கு மேல தூத்துட்டாங்களே" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான், கொல்லைக் கதவு தாழிட்டிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். அந்தக் கிணற்றுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். தனியாகப் பார்க்கத் தைரியம் இல்லை. ஊரில் கூட நிற்க ஆளில்லை. "நீங்க பக்கத்துல நிப்பீகளா டீச்சர்?"

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஜமீலா கதவைத் திறந்து விட்டார். அந்த ஆள் தன் பழைய வீட்டுக்குள், யார் வீட்டுக்குள்ளோ போவது போலச் சுவரோரமாகவே நடந்து கொல்லைக்குப் போனார். அரிவாளால் முள்ளை இழுத்துப் போட்டார். ஒரு கூட்டம் புறா படபடவென்று மேலே வந்தது. நான் அலறிவிட்டேன். கிணற்று விளிம்பெல்லாம் சரிந்து கிடந்தது. ஜமீலா தன் படுக்கையைக் கட்டிக்கொண்டு வந்த கயிற்றை எடுத்து வந்து, கிணற்றோரத்துக் கல்தூணில் சுற்றி, ஒரு முனையை அவரிடம் கொடுத்தார். "இடுப்புல கட்டிக்கிட்டுப் பாருங்க. இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கிறேன்."

அவர் அரிவாளைத் தரையில் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டார். சரிந்த விளிம்பில் மண்டியிட்டு உள்ளே குனிந்தார். கயிறு விறைத்தது. ஊரே பயந்த அந்த மனிதர், ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரின் இரண்டு கைகளை நம்பிக் கிணற்றுக்குள் பாதி உடம்பைத் தொங்கவிட்டிருந்தார்.

"அங்கம்மா" என்று கூப்பிட்டார். உள்ளிருந்து அந்தப் பெயர் திரும்பி வந்தது. அது அவர் குரலாக எனக்குக் கேட்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து, "கல்லும் மண்ணுந்தான் கெடக்கு" என்றார். பிறகு சொன்னார்: "நான் தள்ளலைன்னு சொல்ல வரல டீச்சர். தள்ளுனேனான்னு எனக்கே தெரியல. சண்டை. கையப் பிடிச்சா, உதறுனேன். திரும்பிப் பாக்குறேன், ஆளக் காணோம். கோர்ட்டுலயும் இதத்தான் சொன்னேன். அன்னையிலருந்து உதறுனேனா தள்ளுனேனான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். தெரியல."

ஜமீலா அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. தீர்ப்பும் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களாண்ணே? வெஞ்சனம் பெருசா ஒண்ணும் இல்ல, கத்திரிக்காதான்" என்றார். அவர் கொல்லைப்படியில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜமீலா உள்ளே வரவில்லை.

மறுநாள் காலை ஊர்ப் பெரியவர் ஆட்களோடு வந்தார். "கொலைகாரப் பயல உள்ள விட்டிருக்கீங்க. நாளைக்கு எங்க பொம்பளப் பிள்ளைகள எப்படிப் பள்ளிக்கூடம் அனுப்புறது?" என்று கேட்டார்.

"பயந்துபோய் வந்தாருய்யா. பயந்து வர்றவங்கள வாசல்ல நிறுத்தி வைக்க எனக்குத் தெரியல" என்றார் ஜமீலா.

வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பெண்பிள்ளைகள் கொஞ்ச காலம் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மீதி மாதங்களைப் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் கழித்தோம். அந்த மனிதர் மில் பஸ்ஸில் ஏறிப் போனதாகச் சொன்னார்கள். மறுபடி அந்த ஊரில் அவரை யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய சாயங்காலம் நாங்கள் இருவரும் பேசாமல் கொல்லைப் பக்கமே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சத்தம் வரவில்லை. வந்த நாட்களைவிட, அது வராத அந்தச் சாயங்காலம்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"உங்களுக்குப் பயமே இல்லீங்களாக்கா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"ஏன் இல்லாம? கயித்தப் பிடிச்சிருந்தப்ப விட்டுட்டு ஓடிரலாமான்னு இருந்துச்சு. ஆனா அவரு என்னவிடப் பயந்திருந்தாரு. ரெண்டு பேருல ஒருத்தராவது பேசணும்ல?"

அதே வருடம் ஒரு விடியலில் குடுகுடுப்பைக்காரர் ஒருவர் சுடுகாட்டுச் சாம்பல் பூசிய நெற்றியோடு வந்து, பள்ளிக்கூட வாசலில் நின்று, இந்த இடத்தில் ஓர் உயிர் போகும் என்று குடுகுடுப்பையை ஆட்டினார். நான் உள்ளே ஓடிவிட்டேன். ஜமீலா வெளியே போய், "உங்களுக்குப் பிள்ளைக இருக்கா? எங்க படிக்குதுக?" என்று கேட்டார். குடுகுடுப்பை நின்றுவிட்டது. குடுகுடுப்பைக்காரர் குடும்பம் அந்த ஊரில் தங்கியிருந்தவரை அவருடைய மகள் எங்கள் முதல் வகுப்பில் உட்கார்ந்து எழுதினாள்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, மாற்றலாகி, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் பார்த்துக்கொண்டோம். கடைசியாகப் பார்த்தபோது இளைத்திருந்தார். சர்க்கரை என்றார். மண்ணும் போட்டாகிவிட்டது, அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

அவருடைய தைரியம் எனக்கு வரவில்லை. இன்னும் நான் பயந்தவள்தான். இத்தனை வருடம் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். நேரமல்லாத நேரத்தில் கதவு தட்டப்பட்டால் எழுந்து போகிறேன். தாழ்ப்பாளை எடுக்கிறேன். திறந்து, "வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். அதன் பிறகுதான் வந்திருப்பது யார் என்று பார்க்கிறேன்.